ஒப்புக்கொண்ட காயங்கள்

அந்தச் சிறார் சீர்திருத்த இல்லத்துப் பையன்கள் யாரும் அதைப் பட்டை என்று சொல்வதில்லை. அரசாணையில் அதற்கு உணர்வுப் பட்டை என்று பெயர். அதிகாரிகள் சுருக்கிப் பட்டை என்பார்கள். பையன்கள் வைத்த பெயர் தாலி. மாட்டிவிட்டால் நாமாகக் கழற்ற முடியாது. மறுமுனையில் இருக்கிறவர் நாள் முழுக்க என்ன பாடு படுத்தினாலும் வாயைத் திறக்கக் கூடாது. வேறு என்ன பெயர் வைப்பது?

"இன்னா மாப்ள, இன்னைக்கு முகூர்த்தமாமே?" என்றான் டயர் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன், தேசிங்கை ஆபீசுக்கு அழைத்துப் போக வார்டன் வந்து நின்ற காலையில். "பொண்ணு வூட்ல இன்னா போடறாங்க?"

கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். தேசிங்கும் சிரித்தான். தானும் சேர்ந்து சிரிக்காதவனை அங்கே ஒரு மாதத்துக்கு விடமாட்டார்கள். அவன் உள்ளே வந்ததே ஒரு பெண்ணின் தாலிக்கொடியை அறுத்த வழக்கில்தான் என்பதால் அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிட நீளமாகப் போனது.

தேசிங்கு செஞ்சிப் பக்கத்துப் பையன். பதினேழு வயது. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டியவன் அவன். ஓட்டியவன் இன்றுவரை அகப்படவில்லை. கொடி உடனே அறுந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அது அறவில்லை. வண்டியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் ஓடி, பிறகு இழுபட்டு, இடது தோள் தரையில் மோத விழுந்தாள். காறையெலும்பு முறிந்தது. அதன் பிறகுதான் கொடி அறுந்தது.

திட்ட அலுவலர் பிரிசில்லா மேசைமேல் பட்டையை வைத்தார். சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அதில் பாதி அகலம்.

"அவங்க பேரு தெய்வானை. முகம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"பின்னாடியிருந்துதான மேடம் பாத்தேன்."

பிரிசில்லா ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு மேலே பேசினார். "அவங்களும் இதே மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்க. இடது தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் அவங்க கையில எது பட்டாலும் அது அப்பவே உன் கைக்கு வரும். தொட்டா தொட்டது, வலிச்சா வலிச்சது. முழுசா வராது. பத்துல மூணு பங்குதான்."

"என்னுது அவங்களுக்குப் போவுமா?"

"போகாது. உன்கிட்ட பட்டது போதாதா அவங்களுக்கு?"

"செஞ்சது தப்புன்னு எனக்கே தெரியுமே மேடம். இது எதுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்டா. போன வாரம் எழுதச் சொன்னப்ப நீ என்ன எழுதின? 'என்னால் ஒரு குடும்பம் பாதிக்கப்பட்டது.' உனக்கு முன்னாடி உக்காந்திருந்தவனும் அதே வரிதான். எழுத்துப் பிழைகூட ஒண்ணாவே இருந்துச்சு." அவர் பட்டையை அவன் இடது மேல்கையில் சுற்றி அழுத்தினார். ஒரு சின்ன கிளிக். "தெரிஞ்சுக்கறது வேற, படறது வேற. அதுக்குத்தான் இது."

விதிகளையும் அவரே சொன்னார். தெய்வானைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் வேலை. அடுப்பு பற்றவைப்பதிலிருந்து பிள்ளைகள் சாப்பிட்டு எழும் வரை உள்ள நேரம்தான் திட்டத்தின் நேரம். அந்த நேரத்தில் அவன் உடம்பு எப்படிப் பதறுகிறது என்பதைப் பட்டையே அளந்து ஒரு எண் கொடுக்கும். அதற்குப் பரிவு எண் என்று பெயர். எண் ஏறினால் கடைசியில் சீராய்வுக் குழு கூடும். பாதிக்கப்பட்டவர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், அப்போதும் பட்டை அளக்கும். பிறகு வீட்டுக்குப் போகலாம். ஏறாவிட்டால் பதினெட்டு முடிந்ததும் பார்ஸ்டல். அது பெரிய பையன்களின் சிறை. அங்கே போனவன் அப்படியே திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஓசூரில் அவனுடைய அக்கா கற்பகம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை பார்க்க வரும்போதும் அதையேதான் பேசினாள். "எடம் புடிச்சு வச்சிருக்கேன்டா. சூப்பர்வைசர் தெனம் கேக்கறாரு. நல்லபடியா வந்து சேரு. அதுக்கு மேல உன்கிட்ட நான் எதுவும் கேக்கமாட்டேன்."

முதல் சில நாட்கள் தேசிங்கு அதை ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டான். காலையில் கை கனக்கும். அண்டாவைத் தூக்குகிறாள். தோளில் எலும்பு கூடிய இடத்தில் ஊசி இறங்கினாற்போல் இருக்கும். உடனே பாரம் வலதுபக்கம் மாறும். கைக்குள் கரண்டிக்காம்பு வரும், சுற்றும், நிற்கும். பிறகு சூடு. அதன் பிறகு விரல் நுனிகளில் மட்டும் உருண்டையாக, வழுவழுப்பாக, சுடச்சுட ஏதோ ஒன்று. ஒன்று போனால் இன்னொன்று. அது போனால் இன்னொன்று. என்னவென்று அவனுக்குப் பிடிபடவேயில்லை. இல்லத்து மெஸ்ஸில் முட்டை போட்ட நாளில்தான் தட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டான். அவள் முட்டை உரிக்கிறாள். பள்ளிக்கூடம் முழுதுக்கும் உரிக்கிறாள். ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை.

அதன் பிறகு அவள் அண்டாவைத் தூக்கப்போகும் நேரம் அவனுக்கு முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. தச்சுப் பட்டறையில் உளியை வைத்துவிட்டு இடது முழங்கையை வலது கையால் தாங்கிக்கொள்வான். தாங்கினால் அவளுக்கு ஒன்றும் குறையாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் தாங்கினான். எண் ஏறிக்கொண்டே போனது. பிரிசில்லா அவனைக் கண்காணிப்பாளரிடம் காட்டி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார்.

பள்ளி முடிந்த பிறகு கை ஓய்ந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லித்தான் பாதிக்கப்பட்டவர்களிடம் கொடுக்கிறார்கள். அவள் கழற்றவில்லை. பகல் மூன்று மணி வாக்கில் தண்ணீர் பட்டது. துணி பிழிந்தது. சாயங்காலம் விரல்களுக்கிடையே மூன்று மெல்லிய கயிறுகள் மாறி மாறி ஓடின. ஒரு பெண்பிள்ளைக்குச் சடை பின்னுகிறாள். திட்ட நேரம் முடிந்துவிட்டதால் இது எதுவும் பதிவாகவில்லை. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்க அப்படித்தான் சட்டம். பதிவுதான் நின்றதே தவிர கை நிற்கவில்லை.

ஒருநாள் விளக்கு வைத்த நேரம். சாப்பாட்டு வரிசையில் தேசிங்கு இடது கையில் தட்டோடு நின்றான். சட்டென்று கையில் ஏதோ வந்து அறைந்தது. தட்டு பறந்து முன்னால் நின்றவன் முதுகில் சாம்பார் கொட்டியது.

"டேய்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"தாலியில கரண்ட் அடிச்சிச்சுடா," என்றான் டயர். "பொண்டாட்டி கோவமா இருக்கா போல."

மறுபடியும் அறைந்தது. மறுபடியும். எல்லாம் ஒரே இடத்தில்தான், முழங்கைக்குக் கீழே, கையின் வெளிப்பக்கம். அந்த இடம் அவனுக்குத் தெரியும். தலையில் விழுவதைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அடி அங்கேதான் விழும். அவனுடைய அம்மா பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நின்று அப்படித்தான் கையைத் தூக்குவாள். அப்போது அவன் டிவியில் சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

பத்தில் மூன்று பங்கு என்று பிரிசில்லா சொன்னதை நினைத்துக்கொண்டான். மீதி ஏழு பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தான். பிறகு தரையில் சிந்தியதைத் துடைத்தான்.

அந்த வாரத்தில் அது மறுபடி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. ஒருமுறை மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்கள். ஒருமுறை சுண்டுவிரலை. மறுநாள் காலை அண்டாவைத் தூக்கும்போது அந்த விரல் மட்டும் மடங்காமல் விலகி நின்றது.

அவன் பிரிசில்லாவிடம் போய்ச் சொன்னான்.

"யாரு அடிக்கிறாங்க?"

"வூட்டுக்காரருதான் மேடம். வேற யாரு?"

"பார்த்தியா?"

"கையில பட்டுச்சு."

பிரிசில்லா நாற்காலியில் சாய்ந்தார். நல்லவர்தான். அந்த வேலையில் நல்லவராக இருப்பதற்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு நல்லவர். "தேசிங்கு, நான் சொல்றதைக் கோவப்படாம கேளு. பட்டை போட்ட பசங்கள்ல பாதிப் பேரு ஒரு கட்டத்துல இதைத்தான் சொல்வாங்க. நான் மட்டுமா செஞ்சேன், அவங்க வீட்டுல என்ன நடக்குது தெரியுமான்னு. இதுக்குப் பழிமாற்றல்னு பேரே இருக்கு. நீ சொல்றதை நான் எழுதினா உன் எண்ணு பாதியாயிடும்."

"நான் செஞ்சதை இல்லன்னு சொல்லலயே மேடம்."

"நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஆதாரம்? அந்த நேரத்துல எதுவும் பதிவாகாது. பதிவாகாததை நீ உணர்ந்தேன்னு சொன்னா, அவங்க அந்தரங்கத்துல நுழைஞ்சதா ஆகும். திட்டமே ரத்தாயிடும்."

"நானா நுழைஞ்சேன்? அவங்க கழட்டறதில்ல."

"கேட்டேன்டா. மறந்துடறேன்னு சொல்றாங்க."

தேசிங்கு தன் கையில் இருந்த பூட்டைப் பார்த்தான். அவளுடையதில் இதே இடத்தில் ஒரு கொக்கி இருக்கும் என்று படம் காட்டியிருந்தார்கள். இரண்டு விரலால் அழுத்தினால் போதும். குளிக்கும்போது குறுக்கே நிற்கிற ஒன்றை யாராவது தினமும் மறப்பார்களா?

"சரி, இரு," என்றார் பிரிசில்லா கடைசியில். "நலம் விசாரிக்கிற மாதிரி ஒரு போன் போட்டுப் பார்க்கறேன்."

அன்று சாயங்காலம் சடை பாதி பின்னிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி இழுத்தார்கள். அன்றைக்கு அடித்ததோடு நிற்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் தட்டையாக, சூடாக ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது. தேசிங்கு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் வைத்திருந்தான். தண்ணீர் அவன் கையைத்தான் நனைத்தது.

மறுநாள் அவன் பிரிசில்லாவிடம் கேட்ட ஒரே கேள்வி: "நேத்து அவருதான போன எடுத்தாரு?"

பிரிசில்லா டீயைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் முழங்கையைத் திருப்பிக் காட்டினான். அங்கே ஒரு தழும்பும் இல்லை. இருக்கவும் முடியாது.

"இனிமே போன் பண்ணாதீங்க மேடம்," என்றான்.

குழுக் கூட்டம் நெருங்கியது. கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று டயர்தான் அவனுக்குப் பாடம் எடுத்தான். ஒரு வாட்ச்மேனைக் கம்பியால் அடித்த வழக்கில் வந்தவன் டயர். அவனுடைய கூட்டம் முன்பே முடிந்து, தோற்று, பார்ஸ்டலுக்கு வண்டி வரக் காத்திருந்தான்.

"எழுதிக் குடுத்ததைப் படி. படிச்சு முடிச்சதும் அழு. அழுகை வரலன்னா மூக்கை உறிஞ்சு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத. நான் பேசிட்டுத்தான் இப்படிக் கெடக்கறேன்."

"இன்னா பேசின?"

"அந்தாளு என்னையே பாத்துகினு இருந்தான். மனசு கேக்கல. தலையில மட்டும் இல்ல சார், முட்டியிலயும் ஒண்ணு வச்சேன்னு சொல்லிட்டேன். அது கேஸ்லயே இல்ல. அவ்ளோதான். புதுசா ஒரு காயத்தை நாம ஒத்துக்கினா டாக்டரம்மா அதைப் பாத்தே ஆவணுமாம், ரூல்சு. அந்தாளைத் தனி ரூமுக்கு இட்டுகினு போயிட்டாங்க. கூட வந்த மவனை உள்ள வுடல. அரை மணி நேரம் பாத்தாங்க. எனக்கு மேல ரெண்டு வருசம்." டயர் சிரித்தான். "இந்தக் காம்பவுண்டுல உண்மையப் பேசி உள்ள குந்திகினு கீற ஒரே ஆளு நான்தான்டா."

தேசிங்கு சிரிக்கவில்லை. "மவனை உள்ள வுடலயா?"

"யாரையும் வுடமாட்டாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

கூட்டம் நடந்த அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அம்மாள். இந்தப் பக்கம் பிரிசில்லா. எதிர்ப்பக்கம் தெய்வானையும் அவள் கணவன் சிகாமணியும்.

அவளுடைய முகத்தைத் தேசிங்கு அன்றைக்குத்தான் பார்த்தான். எந்த பஸ்ஸில் ஏறினாலும் பார்க்கக்கூடிய முகம். முழங்கைக்குக் கீழே வரை நீண்ட கை வைத்த ரவிக்கை, அதற்கு மேல் இழுத்துப் போர்த்திய முந்தானை. சிகாமணி சலவைச் சட்டை போட்டிருந்தான். பையன்களுக்கு என்று ஒரு பை நிறைய பிஸ்கட் வாங்கி வந்து வாசலிலேயே வார்டனிடம் கொடுத்திருந்தான்.

"இப்ப எப்படிம்மா இருக்கு கை?" என்று தலைவர் கேட்டார்.

"பரவால்லைங்க மேடம்," என்றான் சிகாமணி. "நான்தான் எல்லாம் பாத்துக்கறேன். பாவம், சின்னப் பையன். இவளும் மன்னிச்சுட்டா. வுட்டுடலாம் மேடம்."

தெய்வானை மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேசிங்கு, நீ சொல்லு."

அவன் எழுந்தான். எழுதி வைத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. ஓசூர் கேன்டீன் எப்படி இருக்கும் என்று அவன் பலமுறை யோசித்து வைத்திருந்தான். பெரிய பெரிய அண்டாக்கள் இருக்கும். அதை ஒருதரம் நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"செயினை அறுத்தேன். இழுத்துப் போட்டேன். அது கேஸ்ல இருக்குது. கேஸ்ல இல்லாததும் இருக்குது மேடம். நான் சொல்லாம வுட்டுட்டேன்."

பிரிசில்லா நிமிர்ந்தார்.

"இடது கையில, முழங்கைக்குக் கீழ, வெளிப்பக்கமா அடிச்சேன். ஒருவாட்டி இல்ல, நெறைய வாட்டி. மணிக்கட்டைப் புடிச்சுத் திருப்பினேன். சுண்டுவெரலையும் திருப்பினேன். அது இன்னும் மடங்காது."

"இதெல்லாம் செயின் அறுக்கும்போதா?"

"ஆமா மேடம். அப்புறம் முழங்கைக்கு உள்பக்கம் சூடு வச்சேன்."

"எதால?"

"தட்டையா இருந்துச்சு. தோசைத்திருப்பின்னு நெனைக்கறேன்."

"வண்டியில போகும்போது," என்றார் தலைவர் மெதுவாக, "பின்சீட்டுல உக்காந்துகிட்டு, தோசைத்திருப்பியால."

"ஆமா மேடம். நான்தான் செஞ்சேன். ஒத்துக்கறேன்."

சிகாமணி எழுந்துவிட்டான். "மேடம், இவன் பொய் சொல்றான்! இவன் செயினை மட்டும்தான் இழுத்தான். அந்த மாதிரி எதுவும் செய்யவேயில்ல."

"நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?"

"இல்லைங்க. ஆனா எனக்குத் தெரியுமே!"

"எப்படித் தெரியும்?"

தலைவர் சிகாமணியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தன் வேலைக்காலத்தில் இப்படி எழுந்து நின்றவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். பிறகு தெய்வானையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பையன் சொல்ற காயமெல்லாம் இருக்கா?"

தெய்வானை முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். தேசிங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மேல்கையில் இருந்த பட்டையைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க," என்றாள். "அவன் சொன்ன எடத்துல எல்லாம் இருக்குதுங்க."

"ஏய், இன்னாடி பேசற நீ..."

"உக்காருங்க," என்றார் தலைவர். "ஒப்புக்கொண்ட காயத்தை மருத்துவர் பார்க்கணும். அதுதான் விதி. நீங்க இங்கதான் இருக்கணும். வார்டன், இவரைப் பார்த்துக்குங்க."

மருத்துவர் அறைக்கு வெளியே நடைவழியில் தேசிங்கை உட்கார வைத்தார்கள். பிரிசில்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் சன்னமாகக் கேட்டது.

"அடிபட்டது எப்பன்னு டாக்டர் பார்த்தவுடனே சொல்லிடுவாங்க," என்றார் பிரிசில்லா. "அப்ப நீ இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் இருந்தன்னு எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா. அப்ப யாருன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க. உன்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா? நீ சொன்னது நிஜம்னா தண்டனை கூடும். பொய்னா குழு முன்னாடி பொய் சொன்னதுக்குத் திட்டம் ரத்து. ரெண்டுல எதுவானாலும் நீ வெளிய போகப்போறதில்ல."

"டயர் சொன்னான்."

"உங்க அக்காகிட்ட நான் என்னடா சொல்றது?"

பிரிசில்லா மடியில் இருந்த கருவியைத் திருப்பிக் காட்டினார். திரையில் அவனுடைய எண். அவன் அதை அவ்வளவு கீழே பார்த்ததேயில்லை. "அங்க நின்னு அத்தனையும் சொன்னியே, உன் நெஞ்சு ஒரு துளிகூடப் படபடக்கல. வேர்வைகூட இல்ல. இது என்ன எழுதியிருக்கு பாரு. வருத்தம் காணப்படவில்லை."

"எழுதட்டும் மேடம்."

அந்த நேரம் அவன் கையில் ஏதோ நடந்தது. யாரோ ரவிக்கையின் கையை மெல்லச் சுருட்டினார்கள். குளிர்ந்த விரல்கள் முழங்கைக்குக் கீழே வந்து அமர்ந்தன. அழுத்தின, நகர்ந்தன, மறுபடி அழுத்தின. இத்தனை மாதத்தில் அந்தக் கையை யாராவது மெதுவாகத் தொட்டது அப்போதுதான். தேசிங்கு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அசைந்தால் அவளுக்கு வலிக்கும் என்பது போல.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் மட்டும் வெளியே வந்தார். இளம்பெண். முகம் வெளிறியிருந்தது. தேசிங்கு அங்கே இருப்பதைக் கவனிக்காமல் பிரிசில்லாவிடம் பேசினார்.

"அந்தப் பையன் சொன்னது அத்தனையும் இருக்கு, மேடம். சொன்ன இடத்துலயே இருக்கு. சிலது போன வாரத்துது. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல."

"என்ன?"

"எல்லாமே இடது கையிலதான் இருக்கு. வலது கையில ஒரு கீறல்கூட இல்ல. எலும்பு முறிஞ்ச கை மேடம் அது, லேசாத் தூக்கினாலே உயிர் போகும். அடி விழும்போது யாரும் நல்லா இருக்கிற கையைத்தான் தூக்குவாங்க. இவங்க ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைத்தான் தூக்கியிருக்காங்க. ஏன்னு கேட்டேன். பதிலே சொல்லல."

பிரிசில்லா மெல்லத் திரும்பினார். அவர் கண்கள் தேசிங்கின் முகத்தில் ஒரு நொடி நின்று, பிறகு அவன் மேல்கைக்கு இறங்கின.

தேசிங்கு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் தனியாக இருந்தாள். அவன் தோளுக்குக் கீழே, அவளுடைய பட்டையின் கொக்கி இருக்கக்கூடிய இடத்தில், இரண்டு விரல்கள் வந்து நின்றன. கொஞ்சம் தயங்கின. பிறகு அழுத்தின.

அதன் பிறகு அந்தக் கையில் அவன் மட்டும்தான் இருந்தான்.